காலையில் சரி, மதியம் 1.8 மி.மீ. கூடுதல்: கை ஸ்கேனர் அளவு ஏன் மாறுகிறது?

துவாக்குடி_க்யூசி:
வணக்கம். துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் தரப்பிரிவில் வேலை செய்கிறேன். 6 மீட்டர் நீள ஸ்டீல் பேஸ் ஃபிரேம், நீளத்துக்கு அனுமதி ±1 மி.மீ. கையில் பிடிக்கும் லேசர் ஸ்கேனரில் காலை 7 மணிக்கு எடுத்தபோது டிராயிங் அளவைவிட +0.4 மி.மீ. வந்தது. மதியம் 2 மணிக்கு அதே ஃபிரேம் +2.2 காட்டுகிறது. இரண்டு முறையும் ஸ்கேன் செய்வதற்கு முன் காலிபரேஷன் தட்டில் சரிபார்த்தேன். ஸ்டீல் டேப் போட்டுப் பார்த்தால் காலைக்கும் மதியத்துக்கும் வித்தியாசமே இல்லை. ஸ்கேனர் கெட்டுவிட்டதா? வெள்ளிக்கிழமை வாடிக்கையாளரின் இன்ஸ்பெக்டர் வருகிறார், பயமாக இருக்கிறது.

பழைய_ஃபிட்டர்:
தம்பி, மதியம் ஃபிரேம் எங்கே கிடந்தது?

துவாக்குடி_க்யூசி:
லோடிங்குக்காக 9 மணிக்கே வெளி யார்டில் எடுத்து வைத்துவிட்டார்கள் அண்ணா. இப்போது தொடு வெப்பமானி வைத்தேன், 48 டிகிரி. காலையில் ஷெட்டுக்குள் சுமார் 30 இருந்திருக்கும்.

பழைய_ஃபிட்டர்:
அப்படியென்றால் முக்கால்வாசி விடை கிடைத்துவிட்டது. ஸ்டீல் ஒரு டிகிரிக்கு, மீட்டருக்கு சுமார் 12 மைக்ரான் நீளும். 6 × 12 × 18, கிட்டத்தட்ட 1.3 மி.மீ. டேப்பும் ஸ்டீல்தானே? சுடுகிற ஃபிரேம் மேல் கிடந்தால் அதுவும் கூடவே நீளும், அதனால்தான் உங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. டிராயிங் அளவு 20 டிகிரிக்கு உரியது என்பதையும் மறக்காதீர்கள்.

ஆனால் வெயிலில் வைத்து அளந்துவிட்டுக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். மேல் தட்டு சுட்டு, கீழ்ப்பக்கம் நிழலில் இருந்தால் ஃபிரேம் வில் போல வளையும். வளைவைக் கணக்கில் கழிக்க முடியாது. உள்ளே கொண்டுபோய் ஓர் இரவு விடுங்கள்.

மெட்ராலஜி_கோவை:
அண்ணன் சொன்னது சரி. மீதி 0.5 மி.மீ. இருக்கிறதே, அது எனக்கு டார்கெட் ஸ்டிக்கர் (ஸ்கேனர் தன் இடத்தை அறிய ஃபிரேமில் ஒட்டும் புள்ளிகள்) விவகாரமாகத் தெரிகிறது. ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை போனீர்களா? குறுகலான நீண்ட ஃபிரேமில் ஸ்கேனர் முந்தைய ஸ்டிக்கர்களைப் பிடித்துத்தான் அடுத்த இடத்துக்கு நகரும். ஒவ்வொரு தாவலிலும் சிறு பிழை சேரும், முனைக்கு வரும்போது அது பெரிதாகிவிடும். காலிபரேஷன் தட்டு சிறியது என்பதால் அதில் இது பிடிபடாது.

போட்டோகிராமெட்ரி கேமரா (பல கோணப் படங்களிலிருந்து புள்ளிகளின் இடத்தைக் கணக்கிடுவது) கிடைத்தால் முதலில் ஸ்கேல் பார் (நீளம் துல்லியமாகத் தெரிந்த கம்பி) வைத்து ஸ்டிக்கர்களின் இடத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். அதன்மேல் ஸ்கேன் எடுங்கள். கேமரா இல்லையென்றால் நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் போங்கள், பிழை குறையும்.

அப்புறம், வண்ண வரைபடத்தை (டிராயிங்கிலிருந்து விலகலை நிறத்தில் காட்டுவது) பெஸ்ட் ஃபிட்டில், அதாவது மொத்த ஸ்கேனையும் டிராயிங்கோடு சராசரியாகப் பொருத்தி, பார்க்காதீர்கள். பிழை இரு முனைக்கும் பாதிபாதியாகப் பிரிந்து எல்லாம் பச்சையாகத் தெரியும். மெஷினிங் செய்த டேட்டம் பேடுகளை (அளவுகளுக்கு ஆதாரமான பரப்புகள்) வைத்து அலைன் செய்யுங்கள்.

துவாக்குடி_க்யூசி:
இருவருக்கும் மிக்க நன்றி. ஃபிரேமை ராத்திரி முழுக்க ஷெட்டில் விட்டு, காலை 30 டிகிரியில், பக்கத்துப் பட்டறையில் கேமரா வாங்கி எடுத்தேன். மூன்று முறை எடுத்ததில் வித்தியாசம் 0.1-க்குள். நீளம் +0.5, 20 டிகிரிக்கு மாற்றினால் −0.2. டேட்டம் பேடில் அலைன் செய்தபோது ஒரு மூலை பேட் 0.7 தாழ்ந்திருப்பதும் தெரிந்தது, பெஸ்ட் ஃபிட்டில் அது கண்ணில் படவே இல்லை. ஷிம் (உயரத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) வைக்க டிசைன் பிரிவிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். ரிப்போர்ட்டில் ஃபிரேமின் வெப்பநிலைக்கு ஒரு வரி சேர்த்தாயிற்று.