டேபிள் பேரை ஹைபர்நேட் தானா மாத்திடுது, வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் மக்களே. காசிமேட்டுல படகுகளுக்கு ஐஸ் போடுற ஒரு கடைக்கு பில் சாஃப்ட்வேர் எழுதிட்டிருக்கேன். எழுதுறது ஜாவால, ஸ்பிரிங் பூட் வச்சு; அதுல கிளாஸை டேட்டாபேஸ் டேபிளோட இணைக்கிறது ஹைபர்நேட். டேட்டாபேஸ் பழைய மைஎஸ்கியூஎல். வேற ஒரு புரோகிராமும் அதையே நம்பி ஓடுறதால டேபிள் பேர்ல கை வைக்க முடியாது. பேரெல்லாம் 'படகுக்கணக்கு' மாதிரி, இங்கிலீஷ் எழுத்துல, நடுவுல ஒரு பெரிய எழுத்தோட இருக்கு.

கிளாஸ் மேல டேபிள் பேரைச் சொல்ற டேபிள் அனோடேஷன்ல எழுத்து பிசகாம அதே பேரைக் குடுத்தேன். அப்படியும் ஸ்பிரிங் பூட் எல்லாத்தையும் சின்ன எழுத்தாக்கி, நடுவுல அண்டர்ஸ்கோர் போட்டு, 'அப்படி ஒரு டேபிளே இல்ல'ன்னு எர்ரர் காட்டுது. நாம வச்ச பேரையே மாத்தும்னு யாருக்குத் தெரியும்! ரெண்டு ராத்திரி போச்சு.

டேட்டாபேஸுக்குப் போற கடைசிப் பேரை முடிவு பண்ற பிசிக்கல் நேமிங் ஸ்ட்ராட்டஜியை, பேரை அப்படியே விடுற ஸ்டாண்டர்டுக்கு மாத்தினதும் பழைய டேபிள் எல்லாம் ஓடுது. ஆனா நான் அண்டர்ஸ்கோர் வச்சு புதுசா உருவாக்கின டேபிள்கள் இப்ப படுத்துடுச்சு.

என் யோசனை: பிசிக்கலை ஸ்டாண்டர்டாவே விட்டுட்டு, நாம பேர் குடுக்காத இடத்துல மட்டும் வேலை செய்யிற இம்ப்ளிசிட் ஸ்ட்ராட்டஜியை எக்ஸ்டெண்ட் பண்ணி, அண்டர்ஸ்கோர் போடுறதை அங்க எழுதலாமா? டேபிள், ஃபீல்டு ரெண்டு மெத்தடை ஓவர்ரைடு பண்ணா போதுமா, ஃபாரின் கீ (இன்னொரு டேபிளைக் காட்டுற காலம்) பேருக்கும் தனியா எழுதணுமா?

ஒவ்வொரு கிளாஸ்லயும் கையால பேர் எழுதலாம்தான், மனசு வரல. விடிகாலை ஏலத்துக்கு முன்னாடியே கடையில பில் போட ஆரம்பிச்சிடுவாங்க. அதனால ராத்திரி மட்டும்தான் மாத்திப் பார்க்க முடியும். செஞ்சு பார்த்த அண்ணா, அக்கா யாராவது இருந்தா கோடு துணுக்கு போடுங்க.