வெனீர் போட்டு எட்டு மாதம்தான், முன்பல் முனை உடைந்துவிட்டது. உதவி வேண்டும்

பூவாளூர்க்காரன் (ஞாயிறு, இரவு 10.40)
முன்பல்லில் போட்ட வெனீர் (பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய தகடு) முனை உடைந்துவிட்டது. இட்லி சாப்பிடும்போதுதான் உடைந்தது, நம்பவே முடியவில்லை. வியாழக்கிழமை தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம். ஃபெவிக்விக் வைத்து ஒட்டிவிடலாமா என்று அம்மா கேட்கிறார். திரும்ப உடையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

செம்பருத்தி (10.52)
தம்பி, எந்தப் பல்? மொத்தம் எத்தனை வெனீர்? செராமிக்கா (பீங்கான்), காம்போசிட்டா (பல் நிறப் பிசின்)? துண்டு கையில் இருக்கிறதா? தண்ணீர் பட்டால் கூசுகிறதா? இது எதையுமே சொல்லவில்லையே.
ஃபெவிக்விக் மட்டும் வேண்டவே வேண்டாம். துண்டு இம்மியளவு தூக்கி உட்கார்ந்தாலும் கீழ்ப்பல் முதலில் அங்கேதான் இடிக்கும். ஈறில் பட்டால் எரிச்சல் வரும். அப்புறம் டாக்டர் ஒட்ட வேண்டிய பரப்பும் கெட்டுவிடும். துண்டை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள்.

தறிக்காரர் (11.05)
தையல் வேலையா உங்களுக்கு? என் மனைவி இருபது வருஷமாக நூலைப் பல்லால் கடித்துக் கடித்து, மேல் முன்பல்லில் சின்னதாக ஒரு வெட்டு விழுந்துவிட்டது. அங்கே பூசிய பூச்சும் இரண்டு தடவை பெயர்ந்தது. கத்தரிக்கோலைக் கையில் எடுத்த பிறகுதான் நிலைத்தது. ஹேர்பின்னைப் பல்லால் விரிப்பது, சோடா மூடியைக் கடித்துத் திறப்பது, பேனாவைக் கடிப்பது எல்லாம் இதே கதைதான்.

பழைய_பென்ச் (11.20)
தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் இங்கே யாருக்கும் கிடையாது. இதே கேள்விக்கு எத்தனை முறைதான் எழுதுவது? வெனீர் என்பது அரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு. அது நிற்பதே எனாமலோடு, அதாவது பல்லின் கெட்டியான வெளி ஓட்டோடு, இருக்கும் ஒட்டுதலால்தான். 1955-இல் பல் மருத்துவர் மைக்கேல் புவோனோகோர் பாஸ்பாரிக் அமிலத்தைத் தடவி எனாமலைச் சொரசொரப்பாக்கிக் காட்டியிராவிட்டால் இந்தச் சிகிச்சையே இல்லை. அதற்கு முன்னால் ஹாலிவுட்டில் பல் மருத்துவர் சார்லஸ் பின்கஸ் நடிகர்களுக்கு முகப்பல் தகடு ஒட்டினார். படப்பிடிப்பு முடிந்ததும் கழற்ற வேண்டியதுதான். அடிப்படை தெரியாமல் போட்டுக்கொண்டால் இப்படித்தான் ஆகும். நைட் கார்ட் (தூங்கும்போது பல்லில் மாட்டும் உறை) இல்லாமல் யாரும் வெனீர் போடக்கூடாது. விஷயம் முடிந்தது.

பூவாளூர்க்காரன் (திங்கள், காலை 7.15)
செராமிக். மேலே நடுவில் நாலு பல். உடைந்தது வலப்பக்க நடுப்பல். துண்டு இருக்கிறது, அரை அரிசி அளவு. வலி, கூச்சம் இல்லை. தையல் இல்லை அண்ணா, லாரி புக்கிங் ஆபீஸ். பல் தேய்ந்து குட்டையாகிவிட்டது என்றுதான் வெனீரே போட்டேன்.

பல்_பிஜி (7.48)
முக்கியமான தகவல் உங்கள் கடைசி வரியில்தான் இருக்கிறது சார். நான் பல் மருத்துவம் மேற்படிப்பில் இருக்கிறேன். வாயைப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் சொந்தப் பல்லையே தேய்த்த ஒன்று வெனீரை மட்டும் சும்மா விடாது. முதலில் அது எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும்.
நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கீழ் முன்பற்களின் நுனியைப் பாருங்கள். பளபளவென்று தட்டையாக இருந்து, தாடையைக் கொஞ்சம் நகர்த்தினால் மேல்பல்லோடு சரியாகப் பொருந்துகிறது என்றால் பல்லோடு பல் உரசிய தேய்மானம். நுனியில் எனாமல் வளையமும் நடுவில் மஞ்சளாகச் சின்னக் குழியும் இருந்தால் அமிலமும் கூடச் சேர்ந்திருக்கலாம். மேல்பல்லின் உள்பக்கம் வழவழவென்று கரைந்திருந்தால் நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு இருக்கிறதா என்று கேட்போம்.
துண்டின் உள்பக்கத்தையும் பாருங்கள். செராமிக்கே குறுக்கே உடைந்திருக்கிறதா, இல்லை பல்லிலிருந்து உரிந்து வந்திருக்கிறதா? முதலாவது என்றால் பெரும்பாலும் கடியின் பாரம். இரண்டாவது என்றால் ஒட்டுதலில் கோளாறு. தேய்ந்த பல்லில் எனாமல் போய் டென்டின் (எனாமலுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் அடுக்கு) வெளியே தெரிந்தால் ஒட்டுதல் அந்த அளவுக்கு வலுவாக இருக்காது.
அப்புறம், காலையில் எழும்போது தாடை வலிக்கிறதா? பின்பற்கள் எல்லாம் இருக்கின்றனவா?

மருதாணி (8.30)
தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது வயிற்றுப் பூச்சியால்தான். எங்கள் வீட்டில் பிள்ளைக்குப் பூச்சி மருந்து கொடுத்ததும் நின்றுவிட்டது. முதலில் அதைச் செய்யுங்கள், செலவும் கம்மி.

பழைய_பென்ச் (8.41)
பாட்டி வைத்தியத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

மருதாணி (8.44)
எங்கள் பாட்டிக்கு எண்பது வயதிலும் எல்லாப் பல்லும் இருந்தது சார். வேப்பங்குச்சிதான்.

தறிக்காரர் (8.59)
வேப்பங்குச்சியை நுனி மெத்தென்று ஆகும்வரை மெல்லாமல் தேய்த்தால் அதுவும் ஈறைக் கிழிக்கும். செங்கல்பொடி, கரித்தூள் போட்டுத் தேய்த்தவர்களுக்குப் பல் ஓரத்தில் பள்ளம் விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மருதாணி (9.10)
நான் செங்கல்பொடி என்று சொல்லவே இல்லையே.

செம்பருத்தி (9.22)
இரண்டு பேரும் வேப்பங்குச்சிக்குத் தனி இழை போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தம்பிக்கு வியாழக்கிழமை விசேஷம்.

பல்_பிஜி (9.40)
மருதாணி அக்கா, பிள்ளைக்குப் பூச்சி இருந்தால் மருந்து கொடுக்க வேண்டியதுதான். ஆனால் பல் கடிப்பதற்கு நாங்கள் முதலில் விசாரிப்பது மன அழுத்தம், குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கம், புகை, மது, அதிகமான காபி, மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் இவைதான். சின்னப் பிள்ளைகளுக்கு வளர வளரத் தானாகவே நிற்பதும் உண்டு.

பூவாளூர்க்காரன் (மதியம் 1.35)
தாடை வலிக்காது. கீழ்ப்பல் நுனி தட்டையாகத்தான் இருக்கிறது. துண்டு குறுக்கே உடைந்திருக்கிறது, பல் தெரியவில்லை. இடப்பக்கம் இரண்டு கடவாய்ப்பல், வலப்பக்கம் ஒன்று எடுத்து நாலு வருஷம் ஆகிறது. பின்னால்தானே, வெளியே தெரியாது என்று கட்டாமல் விட்டுவிட்டேன்.

பல்_பிஜி (1.58)
சார், இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்!
வாயை மூடும்போது பாரத்தைத் தாங்க வேண்டியது பின்பற்கள். தாடை மூட்டுக்குப் பக்கத்தில் இருப்பதும், அகலமாக இருப்பதும், இரண்டு மூன்று வேர் விட்டிருப்பதும் அதற்காகத்தான். முன்பற்கள் லேசாகத் தொட்டால் போதும். பின்னால் மூன்று தூண் போனால் மெல்லுகிற வேலை முன்னால் நகர்ந்துவிடும். உங்கள் பல் குட்டையானதற்கும் இப்போது வெனீர் உடைந்ததற்கும் ஒரே காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.
வியாழனுக்குள் செய்யக்கூடியது: போட்ட டாக்டரிடமே போங்கள். சின்ன உடைப்பு என்றால் முனையை மழுக்கிப் பாலிஷ் செய்யலாம். இல்லாவிட்டால் செராமிக்கைச் சொரசொரப்பாக்கி, சிலேன் (பிசின் பிடிக்க உதவும் திரவம்) தடவி, மேலே காம்போசிட் வைக்கலாம். ஒரே அமர்வில் முடியும். தற்காலிகம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.
அதன் பிறகு பின்பல் கட்டுவதுதான் உண்மையான சிகிச்சை. அதைச் செய்யாமல் புது வெனீர் போட்டால் அதுவும் உடையும், பணமும் வீண். செலவு இடித்தால் புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ சிதம்பரத்திலோ கேட்டுப் பாருங்கள்.

பழைய_பென்ச் (2.20)
நைட் கார்ட் என்று நான் நேற்றே சொன்னேன்.

பல்_பிஜி (2.41)
தேவைப்படலாம் சார். ஆனால் அது இரவுக்குத்தான். பகலில் சாப்பிடும்போது யார் தாங்குவது? கடையில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடிக்கும் மெத்து வகையைச் சொல்கிறீர்கள் என்றால், சிலர் அதை மென்றுகொண்டே இருப்பார்கள். அளவெடுத்துச் செய்யும் கெட்டி அக்ரிலிக் நல்லது. கார்பன் பேப்பர் வைத்துக் கடிக்கச் சொல்லி, இடிக்கும் இடத்தில் விழும் புள்ளியைப் பார்த்து எல்லாப் பக்கமும் சமமாகப் படும்படி ராவித் தர வேண்டும். கழுவப் பச்சைத் தண்ணீர் போதும், வெந்நீரில் வளைந்துவிடும்.
பூவாளூர் சாருக்கு இன்னும் இரண்டு விஷயம். எலுமிச்சை சோடா குடித்தால் உடனே பல் துலக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். க்ளீனிங் போகும்போது ஃபுளோரைடு ஜெல் வைத்தால் அமிலம் சேராத வகை கேளுங்கள், அமில வகை செராமிக்கின் மினுமினுப்பைத் தின்றுவிடும்.

பழைய_பென்ச் (2.55)
மெத்து வகை என்று நான் எங்கே சொன்னேன்?

தறிக்காரர் (3.10)
செராமிக்குக்குப் பதில் முதலிலேயே காம்போசிட் போட்டிருந்தால் உடைந்த இடத்தில் கொஞ்சம் பூசினால் போதுமே?

செம்பருத்தி (3.26)
பூசலாம்தான். ஆனால் காம்போசிட்டில் டீக்கறை பிடிக்கும், சீக்கிரம் தேயும். எனக்கு மூன்று வருஷத்தில் இரண்டு தடவை பாலிஷ் ஆயிற்று. ஆனால் பல்லை ராவவே இல்லை என்ற நிம்மதி இருக்கிறது.

பூவாளூர்க்காரன் (வியாழன், காலை 6.05)
நேற்றுப் போனேன். காம்போசிட் வைத்துவிட்டார், வித்தியாசம் தெரியவில்லை. கார்பன் பேப்பர் வைத்துக் கடிக்கச் சொன்னார். நாலு வெனீரிலும் அழுத்தமாக நீலப் புள்ளி, பின்னால் லேசாக ஒரே ஒரு இடம். கண்ணாடியில் அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அடுத்த வாரம் பின்பல்லுக்கு எக்ஸ்ரே. எல்லோருக்கும் நன்றி, கிளம்புகிறேன்.

செம்பருத்தி (6.30)
சந்தோஷம் தம்பி, தங்கச்சிக்கு வாழ்த்துச் சொல்லுங்கள். தட்டில் கல்கண்டு வைப்பார்கள், அதைக் கடிக்காதீர்கள். நைட் கார்டுக்கு அளவு பின்பல் கட்டிய பிறகா, முன்னாலேயா? டாக்டர் ஏதாவது சொன்னாரா?