ஷிவா வீட்டுக்கு என்ன கொண்டு போகலாம்?

நியூஜெர்சியில் எங்கள் எதிர்வீட்டு யூதப் பாட்டி காலமாகிவிட்டார். நேற்று அடக்கம். இப்போது வீட்டில் ஏழு நாள் துக்கம், ‘ஷிவா’. இறந்தவருக்காகச் சொல்லும் ‘காதிஷ்’ என்ற ஜெபத்துக்குக் குறைந்தது பத்துப் பேர் வேண்டுமென்று அவர்களுடைய ஜெப ஆலயத்து ஆட்கள் தினமும் மாலையில் வருகிறார்கள். சாப்பாடும் முறைவைத்து அவர்களே கொண்டுவருகிறார்கள்.

என் பிள்ளைகளைத் தன் பேரப்பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொண்டவர். வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. பூ கொண்டு போவது வழக்கமில்லை. கோஷர், அதாவது யூத உணவு விதிகள், பார்க்கிற வீடு, அதனால் என் சமையலும் ஆகாது. நறுக்காத முழுப் பழங்கள் சரியாக இருக்குமா? துக்கத்தில் இருப்பவர் பேசும்வரை நாம் பேசாமல் உட்கார வேண்டுமாம், சரி. கிளம்பும்போது நம் ஊர்போலச் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிடலாமா? போய்வந்தவர்கள் இன்று மாலைக்குள் சொல்லுங்களேன்.