நாளை பள்ளி திறப்பு: குடும்பக் குழுவில் ஒரு மாலை

நான்: அத்தை, நாளை பள்ளி திறக்கிறது. இந்த வருடம் 6, 7, 8 மூன்று வகுப்புக்கும் தமிழ் என்னிடம்தான். வாசிப்புப் பாடவேளையும் எனக்கே. முதல் நாள் பிள்ளைகளிடம் என்னென்ன சொல்லிவைப்பது? சுவரில் ஒட்ட 12 விதிகள் எழுதியிருக்கிறேன்.

சித்தப்பா: முதல் வாரம் சிரித்துப் பேசாதேம்மா. பயம் இருந்தால்தான் சொன்ன பேச்சைக் கேட்பார்கள்.

திண்டுக்கல் அத்தை: பயந்த பிள்ளை அடங்கி உட்காரும் தம்பி, வாய் திறந்து வாசிக்காது.

திண்டுக்கல் அத்தை: 12 வேண்டாம் கண்ணு, மூன்று போதும். முதலாவது, ஒருவர் வாசிக்கும்போது யாரும் சிரிக்கக் கூடாது, முந்திக்கொண்டு திருத்தவும் கூடாது. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு குழம்பும் பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலும் இருப்பார்கள். அந்த வயதில் வெட்கம் அதிகம். ஒருமுறை வகுப்பே சிரித்துவிட்டால் வருடம் முழுக்க வாயைத் திறக்க மாட்டார்கள்.

அக்கா: உண்மை அத்தை. போன வருடம் என் பையன் வகுப்பில் வரிசையாக ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொல்வார்களாம். தனக்கு எந்தப் பத்தி வரும் என்று எண்ணிப் பார்த்து, அதை மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பானாம். மற்ற பத்திகளில் என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது.

நான்: அப்படியானால் சத்தமாக வாசிக்க வைக்கவே வேண்டாமா?

திண்டுக்கல் அத்தை: கட்டாயம் வேண்டும். ஆனால் புதிய பத்தியை முதலில் நீ வாசித்துக் காட்டு. அப்புறம் பக்கத்துப் பிள்ளையோடு இரண்டு தடவை வாசிக்கட்டும். அதற்குப் பிறகு வகுப்பு முன்னால். முதல் இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து வாசிக்கக் கேள். யாருக்கு எங்கே தடுக்கிறது என்று அப்போதுதான் உனக்குப் பிடிபடும்.

சித்தப்பா: சரி அக்கா, விதியை மீறினால்?

திண்டுக்கல் அத்தை: அடிப்பதற்கும் மனதை நோகடிப்பதற்கும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் தடை இருக்கிறது. சிரித்த பிள்ளையை மணி அடித்த பிறகு தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் போதும். எல்லார் முன்னாலும் வேண்டாம்.

திண்டுக்கல் அத்தை: இரண்டாவது, தினமும் 10 நிமிடம் மௌன வாசிப்பு. நீயும் வாசிக்க வேண்டும். அந்த நேரத்தில் நோட்டுத் திருத்தாதே. மூன்றாவது, புத்தகம் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், கிழிந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதையெல்லாம் சொன்னால் மட்டும் வராது. புத்தகம் எடுப்பது, பதிவேட்டில் எழுதுவது, திருப்பி வைப்பது எல்லாவற்றையும் முதல் வாரம் செய்து பழக்கு. பாடம் பின்தங்கினாலும் பரவாயில்லை.

நான்: பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னப் புத்தகங்கள் இருக்கின்றன அத்தை. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. ஆனால் கிழிந்துவிடும் என்று பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

திண்டுக்கல் அத்தை: தலைமையாசிரியரிடம் கேட்டுச் சாவியை வாங்கிவிடு. நான்கு படியையும் கலந்து ஒரே கயிற்றில் தொங்கவிடு. எட்டாம் வகுப்புப் பிள்ளை 'நுழை' புத்தகம் எடுத்தால் யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது. அதுவும் முதல் விதியில் சேர்ந்ததுதான்.

அக்கா: விதிகளைப் பிள்ளைகளே எழுதினால் என்ன? என் பையன் அவனே சொன்னதைத்தான் செய்வான்.

திண்டுக்கல் அத்தை: அதைத்தான் சொல்ல வந்தேன். ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு கொடு, பெயர் எழுத வேண்டாம். "நீ வாசிக்கும்போது மற்றவர்கள் எப்படி இருக்க வேண்டும்?" என்று மட்டும் கேள். வருகிற பதில்களைப் பலகையில் எழுது. இந்த மூன்றும் அதிலேயே வந்துவிடும். வராததை நீ சேர்த்துக்கொள்.

நான்: எழுதச் சிரமப்படும் பிள்ளைகள்?

திண்டுக்கல் அத்தை: உன் காதில் வந்து சொல்லட்டும், நீ எழுதிக்கொள்.

சித்தப்பா: அப்போது வெறும் சார்ட் பேப்பர்தான் வேண்டும். கடையில் மூன்று எடுத்து வைக்கிறேன், காலையில் போகிற வழியில் வாங்கிக்கொள். கயிறும் கிளிப்பும் வேண்டுமா?

நான்: வேண்டும் சித்தப்பா. கிழிந்தால் ஒட்ட டேப்பும்.