புதுப்பிப்பு: அம்மாவோடு முலு குகைகளுக்குப் போய் வந்தாச்சு

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் இருக்கும் முலு தேசியப் பூங்காவில் அம்மாவால் நடக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். தாராளமாக முடியும். மான் குகை வரை ஏறக்குறைய 3 கிலோமீட்டர், பெரும்பாலும் மரப்பலகைப் பாதை. உள்ளே வௌவால் எச்சத்தின் நெடி மூக்கைத் துளைக்கும், கைப்பிடிக் கம்பி பிசுபிசுக்கும். ஆனால் மழைநீரும் ஆறும் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக் குடைந்த அந்தப் பிரம்மாண்டம்! அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்துவிட்டது. பாறையில் ஒற்றை இலையை மட்டும் விட்டு வாழும் செடியை வழிகாட்டி காட்டினார். அம்மா அதைவிட்டு நகரவே இல்லை.

சாயங்காலம் வௌவால்கள் லட்சக்கணக்கில் சுருள் சுருளாகக் கிளம்பும். மழை பெய்தால் பெரும்பாலும் வராது, அதனால் இரண்டு மாலைகள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அப்புறம், பினாக்கிள்ஸ் என்ற கூரான சுண்ணாம்புப் பாறை முனைகளைப் பார்க்கப் போகும் ஏற்றம் வயதானவர்களுக்கு வேண்டாம்: 2.4 கிலோமீட்டருக்குள் 1,200 மீட்டர் உயரம், கடைசியில் ஏணிகள் வேறு.