ரெஸ்யூமின் முதல் மூன்று வரிகள்: வேலை நோக்கத்தை எப்படி எழுதுவது?

புதிதாக வெளிநாடு வந்து வேலை தேடுபவர்களின் ரெஸ்யூம்களில் பெயருக்கும் தொலைபேசி எண்ணுக்கும் கீழே, வேலை நோக்கம் என்ற இடத்தில், பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான் இருக்கிறது: “சவாலான பணிச்சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டு, நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் பங்களிக்க விரும்புகிறேன்.” இதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள், உங்களுக்கு என்ன தெரியும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் இதில் விடை கிடையாது. ஒரே இடத்துக்கு வந்து குவிந்த விண்ணப்பங்களைப் புரட்டுபவர், இந்த வரியைப் படிக்காமலே அடுத்த பகுதிக்குப் போய்விடுவார்.

ஒரே துறையில் தொடர்ந்து முன்னேறி வந்தவர்களுக்கு வேலை நோக்கம் தேவையில்லை. அனுபவச் சுருக்கமே போதும். படிப்பை முடித்து முதல் வேலை தேடுபவர்களுக்கும், துறை மாறுபவர்களுக்கும், வேறொரு நாட்டின் அனுபவத்தோடு வந்து நிற்பவர்களுக்கும்தான் அது உண்மையில் உதவுகிறது. ரெஸ்யூமைப் பார்த்ததும் “இவர் ஏன் இந்த வேலைக்கு?” என்ற ஐயம் எழுவது இவர்கள் விஷயத்தில்தான், அந்த ஐயத்தை இரண்டு மூன்று வரிகளில் தீர்த்துவைப்பதே அதன் பணி.

கணக்குப் பிரிவில் பணியாற்றிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். “உற்பத்தி நிறுவனங்களின் கணக்குப் பிரிவில் 6 ஆண்டு அனுபவம், மாத இறுதிக் கணக்கு முடிப்பையும் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பையும் தனியாகக் கையாண்டுள்ளேன், உங்கள் நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் பேயபிள் பணியில் சேர்ந்து, பொருள் வழங்குவோருக்கான தொகைகளைப் பிழையின்றி உரிய நாளில் செலுத்த விரும்புகிறேன்” என்று அவர் எழுதினால், படிப்பவருக்கு ஆள் யார் என்பது உடனே புரிந்துவிடும். இதில் வளர்ச்சி, ஆர்வம், கடின உழைப்பு போன்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பதவியின் பெயரை விளம்பரத்தில் உள்ளபடியே எழுதுங்கள். பல நிறுவனங்கள் விண்ணப்பங்களை ஏடிஎஸ் எனப்படும் மென்பொருளின் வழியாகப் பெற்று, அதில் குறிச்சொற்களைத் தேடிப் பார்க்கின்றன. ஊரில் நீங்கள் வகித்த பதவிக்கு இங்கே வேறு பெயர் இருக்கலாம். எனவே ஒரே நோக்கத்தை எல்லா விண்ணப்பங்களுக்கும் ஒட்டி அனுப்புவது வீண் வேலை.

உயர்ந்த பொறுப்பில் இருந்துவிட்டு, இங்கே ஒரு படி கீழான வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு எழுத வேண்டும். வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவார் என்ற அச்சம் எதிர்த்தரப்பில் இயல்பாகவே எழும். “குழுத் தலைவராக இருந்தேன்” என்பதை முன்னிறுத்தாமல், அந்த வேலைக்குத் தேவையான கைப்பழக்கம் உங்களிடம் இருப்பதை முதலில் சொல்லுங்கள். செவிலியர், மின்பணியாளர் போன்று உரிமம் தேவைப்படும் தொழில்களில், உரிமம் பெறும் நடைமுறையில் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதை ஒளிக்காமல் ஒரு சொற்றொடரில் குறிப்பிடுங்கள். “விண்ணப்பித்துள்ளேன்” என்பதை “பெற்றுள்ளேன்” என்று எழுதிவிடாதீர்கள்.

பணிபுரியும் அனுமதி ஏற்கெனவே இருந்தால் அதையும் சுருக்கமாகச் சேர்க்கலாம். ஆனால் விசா வேண்டும், குடும்பத்தோடு இங்கேயே நிலைக்க வேண்டும் என்பவற்றுக்கு இந்த வரிகளில் இடமில்லை. அவை எவ்வளவு நியாயமான தேவைகளாக இருந்தாலும், “எந்த வேலையானாலும் செய்வேன்” என்ற வரியைப் போலவே, எந்த வேலைக்கும் பொருந்தாதவர் என்ற எண்ணத்தையே அவை உண்டாக்குகின்றன.