துளை கருங்கல்லோடு நின்றுவிட்டது: எரிமலைத் தீவுகளில் கல் துளைக்கும் சிப்பிகளின் சுவடுகள் (அனுபவப் பகிர்வு)

அலைமேடு

சாந்தா மரியாவைப் பற்றி இங்கே யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் எரிமலைத் தீவுகளில் மூத்தது, ஏறத்தாழ 60 லட்சம் வயது. மாயா கலங்கரை விளக்கத்தை ஒட்டிய பாறைச்சரிவில் இறங்கியபோது பார்த்த ஒரு கல் இன்னும் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

நடுவில் கறுத்த பசால்ட் (எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல்), சுற்றிலும் விரல் தடிமனுக்குச் சுண்ணாம்புப் பாசி படிந்து இறுகிய வெள்ளை மேலோடு. கல் சரிபாதியாகப் பிளந்திருந்ததால் சிப்பியின் துளை முழுவதும் குறுக்குவெட்டாகத் தெரிந்தது. குறுகிய கழுத்து, உள்ளே போகப்போக அகன்ற வயிறு, சுரைக்குடுக்கை மாதிரி. ஆனால் அந்த வயிற்றின் அடிப்பாகம் பசால்ட்டைத் தொட்ட இடத்தில் சப்பையாகிப் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. உள்ளே இரண்டு ஓடுகளும் சேர்ந்தபடி ஒரு சிப்பி. துளைத்துக்கொண்டே போன உயிர் கருங்கல்லில் முட்டியதும் என்ன செய்திருக்கும்? அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கற்சுவடி

முட்டியது, திரும்பியது, அவ்வளவுதான். லித்தோஃபாகா என்ற கல் துளைக்கும் சிப்பி வகையாக இருந்தால் அது பல்லால் குடையவில்லை. உடலிலிருந்து சுரக்கும் திரவத்தால் சுண்ணாம்பைக் கரைத்து உள்ளே போகிறது. பசால்ட்டிடம் அந்த வித்தை பலிக்காது. உங்கள் கதையில் எனக்கு உறுத்துவது வேறு. உள்ளே இருந்த சிப்பிதான் துளைத்தது என்று எப்படி முடிவுகட்டினீர்கள்? துளைத்தவன் செத்தபின் காலி வீட்டில் குடியேறும் சிப்பிகள் நிறைய உண்டு. ஓட்டின் வடிவம் குழியின் வடிவத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட சுரைக்குடுக்கைத் துளைகளைக் காஸ்ட்ரோகீனோலைட்டஸ் என்று நாம் எழுதுவது குழிக்கு உரிய பெயர், விலங்குக்கு அல்ல.

உப்புக்காற்று

தீவு இல்லை, மன்னிக்கவும். நேப்பிள்ஸ் அருகே பொட்சுவோலியில் அந்த மூன்று தூண்களையும் பார்த்தேன். ரோமானியர் கால அங்காடியின் இடிபாடு. தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை மீட்டர் வரை தூண் வழவழப்பாக இருக்கிறது. அதற்கு மேல் ஒரு பட்டை முழுவதும் சிப்பித் துளைகள். அதற்கும் மேலே மறுபடி வழவழப்பு. அண்ணாந்து பார்த்தபோது என் தலைக்கு மேலே கடல் நின்றிருந்தது என்பது உடம்பில் உறைத்தது. எரிமலை நிலம் தாழ்ந்து, கடலுக்குள் போய், மறுபடி எழுந்திருக்கிறது. புவியியலாளர் சார்லஸ் லையெல் 1830இல் தம் நூலின் முகப்புப் படமாக வைத்தது இந்தத் தூண்களைத்தான்.

கற்சுவடி

அது பளிங்கு. துளைக்கத்தானே செய்யும்? இந்த இழையில் பேசுவது எரிமலைப் பாறையைப் பற்றி.

உப்புக்காற்று

நிலம் ஏறி இறங்கியதற்குச் சாட்சி பளிங்கில் இருந்தால் என்ன, பாசி மேலோட்டில் இருந்தால் என்ன? சாந்தா மரியாவும் தாழ்ந்துவிட்டுப் பிறகு எழுந்த தீவுதானே. தவிர, ஃபோலாஸ் குடும்பத்துச் சிப்பிகள் ஓட்டின் முள்வரிசையால் சுரண்டியே குடைகின்றன. அவற்றுக்குச் சுண்ணாம்பு தேவையில்லை. பாறை மென்மையாக இருந்தால் போதும். இறுகிய எரிமலைச் சாம்பலை அவை விட்டுவைக்குமா?

நீலத்திட்டு

மதேராத் தீவுக்கூட்டத்தின் போர்ட்டோ சாந்தோ அருகே ஒரு குட்டித் தீவில் துளை நிறைந்த பாறையைப் படகிலிருந்து பார்த்தேன். அலை அதிகம், இறங்க விடவில்லை. என் கதை அவ்வளவே.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சுத்தியல் எடுத்துப் போகாதீர்கள்; சாந்தா மரியாவின் புதைபடிவங்கள் பாதுகாக்கப்பட்டவை, ஒரு துண்டைக்கூடப் பையில் போடக் கூடாது. ஓதம் இறங்கும் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அந்தத் தீவின் கரையோரப் புதைபடிவ இடமான பெட்ரா கே பிகாவுக்கு நடந்து போகிறவர்கள் திரும்பி வரும் நேரத்தையும் கணக்கிடுங்கள். படம் எடுக்கக் காலை அல்லது மாலைச் சாய்வெயில்தான் நல்லது. உச்சிவெயிலில் குழியும் கறையும் ஒன்றாகவே தெரியும். அளவுகோல் வைக்காமல் எடுத்த படத்தால் பயனில்லை. கழுத்து இருக்கிறதா, வயிறு மட்டும் மிஞ்சியிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்: கழுத்து காணாமல் போயிருந்தால் மேற்பரப்பு பிறகு தேய்ந்திருக்கிறது. உருண்டைக்கல்லின் எல்லாப் பக்கமும் துளை இருந்தால், அலை அதைப் புரட்டிப் போட்டிருக்க வாய்ப்புண்டு. உயிருள்ள லித்தோஃபாகாவைத் தோண்டித் தின்னும் ஆசை யாருக்காவது இருந்தால், ஐரோப்பிய ஒன்றியத்தில் அது சட்டவிரோதம். ஐந்து சென்டிமீட்டர் வளர அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதை எடுக்கப் பாறையையே உடைக்க வேண்டும்.

அலைமேடு

சுத்தியல் என்னிடம் இல்லை. கற்சுவடிக்கு: ஓட்டின் விளிம்பும் குழியின் சுவரும் இம்மி பிசகாமல் பொருந்தியிருந்தன, சப்பையான அடிப்பாகம் உட்பட. வாடகைக்கு வந்தவன் அப்படி வளைந்து வளர மாட்டான். குழியின் சுவரில் சுரண்டிய கீறல் ஒன்றுகூட இல்லை. ஆகவே உப்புக்காற்று சொல்லும் ஃபோலாஸும் இல்லை.